பெஞ்சில் மட்டும், வண்டியில் அல்ல

எங்கள் கடையில் அவளுக்கு முட்டி அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். குழந்தைகளுக்கான கார் சீட்டை வண்டியின் பின்சீட்டில் வைத்து, அதன்மேல் வலது முட்டியை ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் இறக்கி, பெல்ட்டை இழுத்து இறுக்கிக் கொடுப்பதுதான் அவள் வேலை. பதினான்கு வருடமாக அதே முட்டி. யூனிஃபார்ம் பேன்ட்டில் அந்த இடம் மட்டும் சீக்கிரம் கிழிந்துவிடும் என்பதால், கறுப்புத் தோலில் ஓர் ஒட்டு வெட்டி அவளே தைத்துக்கொள்வாள். தையல் அவளுக்குப் புதிதல்ல. இங்கே வருவதற்குமுன் கார்களுக்கு சீட் கவர் தைக்கும் பட்டறையில் இருந்தவள். எந்த வண்டியின் பின்சீட் எவ்வளவு சரியும், எங்கே மேடு, எங்கே பள்ளம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். சொந்தமாகக் கார் கிடையாது. பஸ்ஸில் வருவாள், பஸ்ஸில் போவாள்.

நான் அதே கடையில் பில் கவுண்டரில் இருக்கிறேன். முன்கோபக்காரி என்று வீட்டில் பெயர் வாங்கியவள். கடையில் கேட்டால் வாயில்லாப் பூச்சி என்பார்கள். வீட்டுக்காரருக்கு முதுகு போய் இரண்டு வருடமாகிறது, என் ஒரு சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அதனால் கோபத்தையெல்லாம் கடைவாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகப் பழகியிருந்தேன்.

நாங்கள் அதிகம் விற்பது இரண்டு வேஷம் போடும் சீட். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்வரை அது வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி, சாய்ந்து இருக்கும். பிள்ளை வளர்ந்ததும் அதையே திருப்பி முன்பக்கம் பார்க்க வைக்கலாம். ஒரே செலவில் நாலைந்து வருடம் ஓடும் என்பதால் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். அதில் எங்களிடம் இரண்டு உண்டு. ஒன்றுக்கு நாங்கள் வைத்த பெயர் பெரியவர். அகலம், உயரம், மெத்தை, கப் வைக்க இரண்டு பக்கமும் குழி, ராஜா உட்காரலாம். இன்னொன்று ஒல்லி. விலை பாதி, பார்க்கச் சுமார், தொட்டால் பிளாஸ்டிக். வருகிறவர்கள் முதலில் பெரியவரிடம்தான் போய் நிற்பார்கள்.

முட்டி அக்கா மட்டும் எது நல்ல சீட் என்ற கேள்விக்குப் பதிலே சொல்லமாட்டாள். "உங்க வண்டி எங்க நிக்குது?" என்பாள். இரண்டு சீட்டையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு பார்க்கிங்குக்கு நடப்பாள். அங்கே அவர்களுடைய வண்டியிலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திப் பார்ப்பாள். சிலருக்குப் பெரியவர் பொருந்துவார். பலருக்கு ஒல்லி. சிலரிடம் இரண்டையும் திரும்பத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, "இது ரெண்டும் உங்க வண்டிக்கு ஆகாது, வேற கடையில பாருங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். விற்பனைக்கு வைத்த ஆள் இப்படிச் சொன்னால் எந்த முதலாளிக்கு வயிறு எரியாது?

நான் ஏன் அவள் பக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கமான கதை. என் மகள் பிறந்தபோது ஒல்லியை வாங்கி நானே மாட்டினேன். தினம் பத்து சீட்டுக்குப் பில் போடுகிறவளுக்கு மாட்டத் தெரியாதா என்ற மிதப்பு. எட்டு மாதம் கழித்து ஒருநாள், அப்போது முதுகு நன்றாக இருந்த என் வீட்டுக்காரர் என்னை அழைத்துப்போகக் கடைக்கு வந்தார். பிள்ளையின் கன்னத்தைக் கிள்ள அக்கா பின்கதவைத் திறந்தாள். சீட்டில் கை வைத்தவள் முகம் மாறிவிட்டது.

"பாப்பாவ எடு" என்றாள். எடுத்தேன். சீட்டின் இடுப்பைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். மொத்த சீட்டும் நகர்ந்து கதவருகே வந்துவிட்டது.

"பின்னாடி பாத்து வச்சிருக்க. பெல்ட்ட ஏன் சிவப்பு வழியில விட்ட?"

அந்த சீட்டில் பெல்ட் போக இரண்டு வழி உண்டு. பின்பக்கம் பார்த்தால் நீலக் கோடு போட்ட வழி, பிள்ளையின் கால் பக்கம். முன்பக்கம் பார்த்தால் சிவப்புக் கோடு, முதுகுப் பக்கம். நான் எட்டு மாதம் சிவப்பில் விட்டு ஓட்டியிருக்கிறேன். அந்த எட்டு மாதத்தில் எத்தனை சடன் பிரேக், எத்தனை மழை. பார்க்கிங்கில் நின்று அழுதேன்.

"அழாத, கண்ணு மறைக்கும். நல்லாப் பாரு" என்று சொல்லி, முட்டி போட்டு, நீல வழியில் விட்டு இறுக்கினாள். பிறகு கழற்றி என்னை மாட்டச் சொன்னாள். மூன்று தடவை. கடையில் ஒருவரிடமும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் செய்த கூத்து தெரிந்தால் கேலி செய்தே கொன்றிருப்பார்கள்.

போன வருடம் புது மேனேஜர் வந்தார். வந்த முதல் நாளே டார்கெட் என்ற சொல்லைப் பதினேழு தடவை சொன்னார், பக்கத்துக் கவுண்டர்காரி விரல்விட்டு எண்ணினாள். அன்றிலிருந்து அவர் பெயர் டார்கெட். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். காலையில் முதல் ஆளாக வருவார், எல்லோருக்கும் வணக்கம் சொல்வார். ஆனால் பிள்ளை என்றால் அவருக்கு ஒரு பில்.

"ஒரு சீட்டுக்கு அரை மணி நேரம் பார்க்கிங்ல நிக்கிறீங்க மேடம்" என்றார் அக்காவிடம். "அந்த நேரத்துல நாலு சீட்டு வித்துடலாம்."

"விக்கலாம் சார். நாலும் ஆடும்."

"உங்ககிட்ட காரே இல்ல. உங்களுக்கு ஏன் இவ்வளவு கவலை?"

"பல் டாக்டர் தன் பல்லையா சார் புடுங்கறாரு?"

நான் குனிந்து பில் ரோல் மாற்றுவதுபோல நடித்துச் சிரிப்பை அடக்கினேன். டார்கெட் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் தச்சர் வந்து ஒரு பெஞ்ச் செய்தார். இடுப்பு உயரம், மேலே பஞ்சு, பஞ்சுக்கு மேல் நல்ல துணி, இரண்டு பக்கமும் புது பெல்ட். இனி சரிபார்ப்பு எல்லாம் இங்கேதான், ஐந்து நிமிடம், பார்க்கிங் பக்கம் சீட் போகக்கூடாது என்று உத்தரவு. அந்த பெஞ்சில் எந்த சீட்டை வைத்தாலும் கல்லுப்பிள்ளையார்போல உட்கார்ந்தது. வாங்க வந்தவர்கள் ஆட்டிப் பார்த்து அசந்துபோனார்கள்.

"பெஞ்ச் மட்டமா இருக்கு சார், அதான்" என்றாள் அக்கா. "வண்டியோட பின்சீட் உள்பக்கம் சரியும். பின்னாடி பாத்து வச்சா சீட்டு நிமிந்துடும். குமிழைப் பாருங்க." சீட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் உண்டு, கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல உள்ளே ஒரு குமிழ் ஓடும். அது நடுவில் நின்றால்தான் பிள்ளை சரியாகச் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெஞ்சில் குமிழ் எப்போதும் நடுவில்தான் நின்றது. டார்கெட் அதைக் காட்டி, "நடுவுலதானே இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்கா விட்டாளா? மறுநாள் காலை, பழைய பட்டறைக்காரர் மூலமாக, வண்டிகளை உடைத்து விற்கும் இடத்திலிருந்து ஒரு காரின் பின்சீட்டை வாங்கி, சரக்கு வண்டியில் போட்டு, கடை நடுவே தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். எண்ணெய்க் கறை, ஒரு மூலையில் பஞ்சு எட்டிப் பார்க்கிறது. பளபளக்கும் பெஞ்சுக்குப் பக்கத்தில் அதைப் போட்டாள். வருகிறவர்களிடம் ஒரே சீட்டை முதலில் பெஞ்சில் வைத்துக் காட்டுவாள், பிறகு பழைய சீட்டில். குமிழ் ஓரத்துக்கு ஓடும். பேச்சே தேவைப்படவில்லை. மத்தியானத்துக்குள் மூன்று பேர் பெரியவரை வைத்துவிட்டு யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். சாயங்காலம் டார்கெட் ஆள் வைத்து அந்த பின்சீட்டைக் குப்பைக் கொட்டகைக்கு அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான் அட்டை விவகாரம் வந்தது. ஒவ்வொரு சீட்டோடும் ஓர் அட்டை கொடுப்போம். 'வண்டியில் பொருத்திச் சரிபார்க்கப்பட்டது' என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு ஒரு கட்டம். கையெழுத்து இல்லாமல் பில் போடக்கூடாது. பெஞ்ச் வந்த பிறகும் பழைய அட்டைதான், கட்டுக்கட்டாக மிச்சம் இருந்தது. டார்கெட் ஒரு கட்டை அக்கா முன்னால் வைத்து, "பெஞ்சுல பாத்துட்டுப் போட்டுக்கொடுத்துடுங்க, இதுல என்ன இருக்கு?" என்றார்.

அக்கா பேனாவை எடுத்தாள். வண்டியில் என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில், 'பெஞ்சில் மட்டும், வண்டியில் அல்ல' என்று குண்டு குண்டாக எழுதி, கீழே பெயரை முழுசாகப் போட்டாள். கையெழுத்து இருந்தது. நான் பில் போட்டேன். சட்டப்படி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

பதினொரு நாள் அப்படி ஓடியது. அட்டையைப் படித்தவர்கள் என் கவுண்டரில் நின்று, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பார்கள். நான் வழக்கம்போல மென்று விழுங்கி, "அந்த செக்‌ஷன்ல கேளுங்க" என்பேன். அவர்கள் திரும்பிப் போவார்கள். அக்கா சாப்பாட்டு நேரத்தில், கடைக்கு வெளியே தெருவோரம், அவர்கள் பில் கட்டி வாங்கிய சீட்டை அவர்கள் வண்டியில் மாட்டிக் கொடுப்பாள். டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. பன்னிரண்டாம் நாள் டார்கெட் கையில் அப்படி ஓர் அட்டை சிக்கியது.

கண்ணாடி அறைக்குள் அவளைக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"இத நிறுத்தணும் மேடம்."

"நிறுத்திடறேன் சார். பார்க்கிங்குக்கு விடுங்க."

"சும்மா ஒரு கையெழுத்து. அதுக்கு இவ்வளவு பிடிவாதமா?"

"சும்மான்னா நீங்களே போடுங்க சார். உங்க பேர்ல."

அவர் போடவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அக்கா லாக்கரிலிருந்து டிபன் பாக்ஸையும், ஒட்டுப் போட்ட மாற்று பேன்ட்டையும் எடுத்துக்கொண்டு என் கவுண்டரைத் தாண்டிப் போனாள். நான் தலையைத் தூக்கவில்லை. ஏதோ பில்லில் தப்பு கண்டுபிடிப்பதுபோல திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அன்று வீட்டில் என் கோபத்துக்கு இரண்டு தட்டு உடைந்தது. யார்மேல் கோபம் என்று வீட்டுக்காரர் கேட்டார். என்மேல் என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த நாள் காலை டார்கெட் அட்டைக் கட்டை என் கவுண்டரில் கொண்டுவந்து வைத்தார். "இனிமே நீங்களே போட்டுடுங்க. பத்து வருஷமா இருக்கீங்க. உங்களப் பத்தித் தெரியும், பிரச்சினை பண்ணமாட்டீங்க."

அந்தக் கடைசி வாக்கியம் சுருக்கென்று தைத்தது. என்னைப் பாராட்டினார், எனக்குத் திட்டியதுபோல இருந்தது.

பத்தரை மணிக்கு ஒரு தம்பதி வந்தார்கள். அவளுக்கு நிறைமாதம், இன்னும் ஒன்பது நாள் என்றாள். அவன் நெடுநெடுவென்று இருந்தான். ஊரெல்லாம் விசாரித்துப் பெரியவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெஞ்சில் ஆட்டிப் பார்த்து, திருப்தியாகி, டப்பாவை அணைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார்கள். பின்னால் வரிசை. நான் பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போட ஒரு விநாடி ஆகும். அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், கதவருகே நகர்ந்து வந்த என் பிள்ளையின் சீட்.

வண்டியில் என்ற சொல்லை அடித்தேன். 'பெஞ்சில் மட்டும், வண்டியில் அல்ல.' கீழே என் பெயர். எழுத்து கோணலாகத்தான் வந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

அவள் படித்தாள். "இதுக்கு என்ன அர்த்தம்?"

இந்தத் தடவை நான் மென்று விழுங்கவில்லை. "இது உங்க வண்டிக்கு ஆகுமா ஆகாதான்னு இங்க யாருக்கும் தெரியாதுன்னு அர்த்தம். வாங்க, போய்ப் பாத்துடலாம்."

கவுண்டரில் 'அடுத்த கவுண்டருக்குச் செல்லவும்' பலகையை வைத்தேன். பெரியவரையும் ஒல்லியையும் தள்ளுவண்டியில் ஏற்றினேன். பக்கத்துக் கவுண்டர்காரி வாயைப் பிளந்தாள். நான் பார்க்கிங்குக்கு நடந்தேன்.

சின்ன சிவப்பு வண்டி. முன்னால் அவள் உட்காருகிற இடத்துக்குப் பின்னால் பெரியவரைப் பின்பக்கம் பார்க்க வைத்தேன். நீல வழியில் பெல்ட்டை விட்டு, கடைசிவரை உருவி, விட்டேன். டிக் டிக் என்று சத்தம் போட்டு உள்ளே போனது, இனி தளராது. முட்டியை ஊன்றி இறுக்கினேன். குமிழ் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதை நடுவுக்குக் கொண்டுவர சீட்டைச் சாய்த்து மறுபடி மாட்டினால், முன்சீட்டை டாஷ்போர்டுவரை தள்ளவேண்டியிருந்தது. அவளை அங்கே உட்காரச் சொன்னேன். வயிறும் முட்டியும் டாஷ்போர்டில் இடித்தன. எழுந்து வருவதற்கு அவன் கைகொடுக்க வேண்டியிருந்தது.

"கொஞ்சம் நிமிந்தே இருந்தா என்ன?" என்றான் அவன். "இவ்வளவு நல்ல சீட்டு."

"பொறந்த பிள்ளைக்குத் தலைய நிறுத்தத் தெரியாது தம்பி. நிமிந்து உக்காந்தா தலை முன்னாடி தொங்கும், தாடை நெஞ்சுல போய் அழுத்தும். அப்புறம் மூச்சுவிட முடியாது. பின்னாடி பாத்து இருக்கிறதால, ஓட்டுற உங்களுக்கு முகமும் தெரியாது. தூங்குதுன்னு நெனச்சுட்டு ஓட்டிட்டே இருப்பீங்க."

அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒல்லியை வைத்தேன். முட்டியை ஊன்றி இழுத்தேன். முதல் தடவை சரியாக வரவில்லை, கழற்றி மறுபடி மாட்டினேன். குமிழ் நடுவுக்கு வந்து நின்றது. பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினேன். தலைப்பக்கம் ஆட்டினால் எந்த சீட்டும் ஆடத்தான் செய்யும், ஆட்டவேண்டிய இடம் இதுதான். கட்டைவிரல் அகலம்கூட நகரவில்லை. அவள் முன்னால் உட்கார்ந்து காலை நீட்டினாள். நீட்ட இடம் இருந்தது.

நிமிர்ந்தால் டார்கெட் நிற்கிறார்.

"கவுண்டர்ல ஒம்போது பேர் காத்துட்டிருக்காங்க."

"காக்கட்டும் சார். இவங்களுக்கும் ஒம்போது நாள்தான் இருக்கு."

"நீங்களுமா?" என்றார். உண்மையிலேயே அடிபட்டவர்போலத்தான் கேட்டார்.

"ஆமா சார், நானும்தான். மேலிடத்துக்கு எழுதணும்னா எழுதுங்க. ஆனா நான் பாக்காத எதையும் பாத்தேன்னு எழுதமாட்டேன்."

அவர் போய்விட்டார். நான் புது அட்டை ஒன்றை எடுத்து, எதையும் அடிக்காமல், 'வண்டியில் பொருத்திச் சரிபார்க்கப்பட்டது' என்பதற்குக் கீழே என் பெயரைப் போட்டேன். இந்த முறை எழுத்து நேராக வந்தது.

மேலிடத்துக்கு என்னைப் பற்றி எழுதியிருக்கிறாராம். பதில் இன்னும் வரவில்லை. வரட்டும். அதுவரை தினமும் மூன்று நான்கு தடவை பலகையை வைத்துவிட்டுப் பார்க்கிங்குக்குப் போகிறேன். போக முடியாத நேரத்தில் அட்டையில் அந்த நான்கு வார்த்தை இல்லாமல் எதுவும் என் கவுண்டரைத் தாண்டுவதில்லை. பக்கத்துக் கவுண்டர்காரியும் நேற்றிலிருந்து அதையே எழுதுகிறாள். சொற்பிழையோடு எழுதுகிறாள், பரவாயில்லை.

முட்டி அக்கா பழைய பட்டறைக்கே திரும்பிவிட்டாள். எங்கள் கடையிலிருந்து இரண்டு சந்து தள்ளி. சீட் கவர் தைக்க வருகிறவர்களோடு, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களும் சேர்ந்து வாசலில் எப்போதும் இரண்டு வண்டியாவது நிற்கிறதாம். முந்தாநாள் வேலை முடிந்து அங்கே போனேன். அவள் ஒரு வண்டிக்குள் தலையை விட்டு யாருக்கோ நீலக் கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு வந்து என் பேன்ட்டைப் பார்த்தாள். வலது முட்டியில் நூல் பிரிந்து, உள்ளே தோல் சிவந்து தெரிந்தது.

அன்று தலை தூக்காமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அவள் அதற்கு வழி விடவில்லை. தையல் மெஷினுக்குப் பக்கத்துப் பெட்டியைத் திறந்து, கறுப்புத் தோலில் ஒரு துண்டை எடுத்து, கத்தரியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒரு முட்டிக்குப் போதுமா?"

"ரெண்டுக்கும் வெட்டுங்கக்கா" என்றேன்.